டைட்டனுக்குக் காற்று வந்த வழி

சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தபோது குமரேசனுக்கு இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை அறை, பெண்கள் நடமாடுகிற இடம், அங்கே மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொந்தியும் தொப்புளுமாக ஒருவன் மல்லாந்து கிடப்பதென்றால் யாருக்குத்தான் வெட்கம் வராது. பரிமளா சிஸ்டருக்கு அவன் தொந்தி ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழந்தையை அள்ளி வந்து, கம்பளித் தொப்பியும் டயப்பருமாக, அவன் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டு, கன்னம் ஒருபக்கமாகப் படியும்படி தலையைத் திருப்பி, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பழைய வேட்டித் துணியால் கட்டிவிட்டு, "கங்காரு அப்பா ரெடிங்க," என்றாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பெற்றவர்களின் உடம்புச் சூடே மருந்து என்று, காலையில் சுகந்தியும் மதியத்தில் அவனுமாக முறை வைத்துச் சுமக்கிறார்கள். சுமக்கிறார்கள் என்று சொல்வதே மிகை. மளிகைக்கடைச் சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருப்பாள். இன்று காலையில்தான் மூக்கிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். சாயங்காலம்வரை தானாக மூச்சு விட்டுச் சமாளித்துவிட்டால் குழாய் வேண்டாம், முடியாவிட்டால் பழையபடி குழாய், பழையபடி பெட்டி, என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சாயங்காலம் இப்போது அவன் நெஞ்சின் மேல் படுத்திருந்தது.

"அம்முணி மறந்துட்டான்னா உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுங்க சார். பூவாட்டம் தடவுனீங்கன்னா இவிங்களுக்கு உறைக்காதுங்க," என்று தினம் சொல்வதை இன்றும் சொல்லிவிட்டுப் பரிமளா அடுத்த பெட்டிக்குப் போனாள். மறந்துட்டான்னா. மூச்சு விடுவதை ஒருத்தி எப்படி மறப்பாள் என்று முதல் நாள் அவன் கேட்டதற்கு, மூளையில் அந்த இடம் இன்னும் முழுக்க விழித்துக்கொள்ளவில்லை, தூங்கும்போது மறந்துவிடுவார்கள், தட்டி ஞாபகப்படுத்தினால் போதும், வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஏதோ பால்காரனுக்குச் சில்லறை கொடுக்க மறந்த மாதிரி. பிறந்த அன்றைக்கு அவள் நுரையீரல் உள்சுவர் ஒட்டிக்கொண்ட பலூனாகக் கிடந்தது, மருந்து விட்டுத்தான் பிரித்தார்கள். காற்றென்பது பிறக்கும்போதே கூட வருகிற சமாச்சாரம் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன? பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் சம்பளம் வாங்குவதே அந்தக் கேள்விக்காகத்தான். ராட்சசக் கோள்களைச் சுற்றுகிற நிலாக்களுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது. சனியின் பெரிய நிலாவான டைட்டனுக்கு நம் பூமியைவிடக் கனத்த காற்று, நம் காற்றைப் போலவே பெரும்பாலும் நைட்ரஜன், அதற்குள்ளே ஆரஞ்சு மூட்டம், மூட்டத்துக்கு அடியில் மீத்தேன் ஏரிகள். நம் பூமியின் நிலாவுக்கு அதெல்லாம் கிடையாது, மொட்டைப் பாறை. சுகந்தியின் அம்மா இதையெல்லாம் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டுங்க மாப்பிள்ளை, ஆராய்ச்சி பண்றதுக்கு உங்களுக்குச் சனிதான் கெடச்சதுங்களா?" என்றார். வளைகாப்பு வளையல் கையிலிருந்து இறங்குவதற்குள் சுகந்திக்கு வலி கண்டுவிட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். படித்தவன்தான், ஆனாலும் அன்றைக்குத் திருநள்ளாற்றுக்கு வேண்டிக்கொண்டான்.

குழந்தையின் முதுகு அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது. மேலே ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. காதுக்குக் கேட்காத மூச்சு, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் வெதுவெதுப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது. டைட்டனும் இப்படித்தான், எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது, ஒரு கன்னத்தைப் பதித்தபடி. அப்படியானால் நான் சனியா? ஏன், சனிக்கு என்ன குறைச்சல். குளிரூட்டியின் காற்று கால்விரல்களில் பட்டது, சாம்பார் சாதத்தின் மந்தம் கண்ணை இழுத்தது. அவன் துறையில் இதைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு, குமரேசன் வைத்த பெயர்களில் சொல்வதானால் பிறவிக் கட்சி, ஊற்றுக் கட்சி, அடிக் கட்சி. கோள் உருவானபோது அதைச் சுற்றியிருந்த வாயுவிலிருந்தே நிலா தன் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது என்பது பிறவிக் கட்சி, அதற்கு இப்போது ஆள் குறைவு. உள்ளே உறைந்திருந்த அமோனியா சூடாகிக் கசிந்து வெளியே வந்து, வெயில் பட்டு உடைந்து, மெதுவாக, யார் கையும் படாமல் நைட்ரஜனாகியது என்பது ஊற்றுக் கட்சி. குமரேசன் அதில் ஆயுள் உறுப்பினர். வால்நட்சத்திரங்கள் வந்து பனித்தரையில் மோதி, அந்த அடியின் சூட்டிலேயே அமோனியா உடைந்து காற்று பிறந்தது என்பது அடிக் கட்சி. அந்தக் கட்சிக்காரர்களோடு அவன் எத்தனை கருத்தரங்குகளில் மல்லுக்கு நின்றிருக்கிறான். அடித்தால் காற்று வருமா? அடித்தால் இருக்கிற காற்றும் போய்விடாதா? அப்படிக் கேட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறான். அதெல்லாம் மைக் முன்னால்.

முந்தாநாள் மதியம் மைக் இல்லை, இதே நாற்காலிதான். மூக்கில் குழாய் இருக்கும்போதே அவள் மறந்துவிட்டாள். நாடி பார்க்கிற கருவி கத்தியது. உதட்டோரம் சிலேட்டு நிறமாக மாறுவதை அவன் பார்த்தான், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கை போனது, நடுவிரலைக் கட்டைவிரலில் கொக்கி போட்டு உள்ளங்காலுக்கு நேராகக் கொண்டுபோனான், அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு பலமாக? அவன் விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் அகலமான பாதம். பலம் என்றால் எத்தனை பலம், எந்தக் கோணத்தில், எவ்வளவுக்கு மேலே போனால் எலும்புக்கு ஆகாது, யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா, இல்லை, யாரும் அளக்கவில்லை. அவன் அளவைத் தேடிக்கொண்டிருந்தபோது பரிமளா ஓடிவந்து சுண்டிவிட்டாள். குழந்தை மூச்சை இழுத்தது. சுகந்தி இதை எத்தனையோ தடவை செய்துவிட்டாள். கல்லூரியில் கேரம் விளையாட்டில் பரிசு வாங்கியவள், ராணிக் காயைக் குழிக்குள் தள்ளுகிற அலட்சியத்தோடு ஒரு சுண்டு, "மூச்சு விடுடி," என்று ஒரு அதட்டல், முடிந்தது காரியம். அவன் முந்தாநாள் கதையை அவளிடம் சொல்லவில்லை. பரிமளா சொல்லியிருப்பாள். சுகந்தி கேட்கவில்லை, கேட்காதது அவனுக்கு இன்னும் வலித்தது. என் குழந்தை என் கண் முன்னால் மூச்சில்லாமல் கிடந்தது, நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான் நடந்தது.

அதனால் இன்றைக்கு அவன் கருவித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தையின் பாதத்தில் சின்னப் பட்டையொன்று சுற்றியிருந்தது, அதற்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன், நாடி எவ்வளவு என்று அது திரைக்குச் சொல்லும். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எண் இருந்தால் குமரேசனுக்குத் தெம்பு. பட்டை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கவே, நழுவிவிடக் கூடாதென்று விரலை உள்ளே விட்டு நாசூக்காகப் பிடித்துக்கொண்டான். எண்கள் நன்றாக இருந்தன. மேலே உள்ளது மிக நன்றாக இருந்தது. ஆரஞ்சு மூட்டத்துக்குள் அவன் மெல்ல மெல்ல இறங்கினான், டைட்டனில் மழைத்துளி பெரிது பெரிதாக, அவசரமே இல்லாமல் விழும், அங்கே ஈர்ப்பு குறைச்சல், காற்று கனம், கையில் இறக்கை கட்டிக்கொண்டால் மனிதன் பறக்கலாம், தொந்தியுள்ள மனிதன்கூட. சுகந்தி ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஏரிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள், அவை மூழ்காமல் வட்டம் வட்டமாக மிதந்து போயின. எங்கோ ஒரு பறவை கூவியது. விடாமல் கூவியது. பறவைக்கு அங்கே என்ன வேலை என்று கண்ணைத் திறந்தால் கருவி கத்திக்கொண்டிருந்தது, மேல் எண் அப்படியே இருக்க, நாடி எண் பாதியாக விழுந்து சிவப்பில் துடித்தது. ஐயோ. குழந்தைகளின் நாடி அவ்வளவு இறங்கக் கூடாது. இறங்கினால் என்னவென்று அவனுக்குத் தெரியும். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அவன் போட்ட சத்தத்தில் இரண்டு பெட்டி தள்ளியிருந்த குழந்தை விழித்து அழுதது. பரிமளா வந்தாள், குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், பிறகு பாதத்துப் பக்கம் குனிந்து பட்டையை விரித்தாள். குழந்தையின் கால் வெளியே சுகமாகக் கிடந்தது. பட்டைக்குள் இருந்தது குமரேசனின் விரல். "ஏனுங்க சார், இது உங்க நாடிங்க," என்றாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "உங்க ஆக்சிஜன் பிரமாதமா இருக்குதுங்க."

அவன் கண்ணயர்ந்தபோது அவள் கால் நழுவிப்போய், கருவி அவனுடைய மூச்சைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறது. மானம் போனது இருக்கட்டும். அந்நேரத்தில் அவள் மறந்திருந்தால்? மறக்கவில்லை. மறந்திருந்தால்? பரிமளா பட்டையைக் குழந்தையின் பாதத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, திரையைப் பிடித்து அவனுக்கு முதுகு காட்டும்படி தன் மேசைப் பக்கம் திருப்பினாள். "நம்பர் எனக்கு, அம்முணி உங்களுக்கு. சத்தம் வந்தா நான் வந்துக்கறேனுங்க." போய்விட்டாள். கருவியின் சாம்பல் முதுகும் அதில் ஒட்டியிருந்த காய்ந்த பிளாஸ்திரியும்தான் இப்போது அவனுக்குத் தெரிந்தன. கண்ணுக்கு வேலையில்லாமல் போனதும், என்ன ஆச்சரியம், தோல் விழித்துக்கொண்டது. அந்த வெதுவெதுப்பு வட்டம் ஒரே சீராக இல்லை என்று முதல்முறையாகத் தெரிந்தது. நாலைந்து மூச்சு வேகவேகமாக, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவனும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தான், அவள் விட்டதும் அவனும் விட்டான். வட்டம் குளிர்ந்தது, சூடானது. வியாழனைச் சுற்றுகிற அயோ என்ற நிலாவுக்கும் இதே பிழைப்புதான். எரிமலைகள் கக்கிய கந்தகப் புகைதான் அதற்குக் காற்று. வியாழனின் நிழலுக்குள் போகிற ஒவ்வொரு முறையும் குளிரில் அந்தக் காற்று உறைந்து, வெண்பொடியாகத் தரையில் படிந்துவிடும். வெளியே வந்து வெயில் பட்டதும் மறுபடி எழும். போகும், வரும். போனது வருமா என்று அயோ கவலைப்படுவதில்லை, பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்குத்தான் கவலை. வா, வா, ம், வந்துவிட்டாய்.

வியாழன் என்றதும் மனம் முள்ளில் மாட்டிய துணியாக நின்றது. வியாழனுக்குக் கனிமீடு என்று ஒரு நிலா உண்டு, டைட்டனைவிடப் பெரியது, ஆனால் காற்று இருந்தும் இல்லாத கணக்கு. வியாழனின் காந்தப் பிடியில் சுழல்கிற துகள்கள் பனியில் பட்டுத் தெறித்த ஆக்சிஜன் கொஞ்சம், அவ்வளவுதான். ஏனென்று அடிக் கட்சிக்காரர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், அதை அவன் எப்போதும் சிரித்தே ஒதுக்கியவன். வியாழன் பெரிய உடம்பு, அதன் ஈர்ப்பு வால்நட்சத்திரங்களை வெறித்தனமான வேகத்தில் இழுக்கிறது, அந்த வேகத்தில் விழுகிற அடி இருக்கிற காற்றையும் வானத்துக்குப் பிய்த்து எறிந்துவிடும். சனி அதைவிட நிதானம். அங்கே விழுந்த அடி மெதுவானது, அதனால் காற்றைக் கொடுத்தது. அடி ஒன்றுதான், கொடுப்பதும் அதுதான், பிடுங்குவதும் அதுதான், வித்தியாசமெல்லாம் பலத்தில். இதுதானே முந்தாநாள் என் விரலைப் பிடித்து நிறுத்தியது? நான் வியாழனா, சனியா? என் கை எப்படிப்பட்ட கை? தேங்காயை ஒரே போடில் உடைக்கிற கை, சுகந்தியின் ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகி உடைத்த கை. யாரிடம் போய் இதைக் கேட்பது, யார் அளந்து வைத்திருக்கிறார்கள். நாலைந்து மூச்சு, நிறுத்தம். நாலைந்து மூச்சு, நிறுத்தம். வெளியே வராந்தாவில் யாரோ டீ ஆற்றுகிற சத்தம், ஜன்னல் திரைச்சீலையில் மதிய வெயில் மஞ்சளாக, பிறகு ஆரஞ்சாக. நிறுத்தம்.

நிறுத்தம். அவனும் மூச்சைப் பிடித்திருந்தான், அவனுக்கே முட்டியது, விட்டுவிட்டு மறுபடி இழுத்தான், அவள் இன்னும் விடவில்லை. வட்டம் குளிர்ந்தது. சூடாகவில்லை. உள்ளங்கைக்குள் முதுகு ஏறவில்லை. வா. நிழலுக்குள் போய்விட்டாய், சரி, வெளியே வா. கருவி கத்தவில்லை. கத்தவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? இல்லை, ரத்தத்தில் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் அதற்குத் தெரியும், அது எப்போதும் பிந்தித்தான் சொல்லும். இந்த அறையில் இது தெரிந்தது இப்போது எனக்கு மட்டும்தான். சிஸ்டரைக் கூப்பிடலாம். கூப்பிட்டு, அவள் எழுந்து, நடந்து வந்து. விரல் கொக்கி போட்டுக்கொண்டது. எவ்வளவு பலமாக? பயமாக இருந்தது, அழுகை வரும் போலிருந்தது, தெரியாது, எவ்வளவு என்று தெரியாது, தெரியாமலே சுண்டினான். பூவாட்டம். ஒன்றும் ஆகவில்லை, அவன் விரல் பட்டதே அவளுக்குத் தெரிந்திருக்காது. "கண்ணு, மூச்சு விடுடி," என்று அவனையறியாமல் சுகந்தியின் அதட்டல் அவன் தொண்டையிலிருந்து வந்தது, அதோடு இரண்டாவது சுண்டு, டப்பென்று சத்தம் கேட்கும்படி. அவள் உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறியது. நெஞ்சின் மேல் அந்த வாய் திறந்தது, இழுத்தது. பிறகு ஈரத் தரையில் ரப்பர் செருப்பு வழுக்குகிற மாதிரி ஒரு கீச்சு. அது அழுகை. அவளுடைய அழுகைதான். குமரேசனுக்கும் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. இரண்டு பேரும் அழுது முடிக்கிற நேரத்தில்தான் கருவி நிதானமாகக் கத்த ஆரம்பித்தது.

பரிமளா ஓடிவந்தபோது குழந்தை செக்கச்செவேலென்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. கருவியின் சத்தத்தை அடக்கிவிட்டு, "தானா வந்துச்சுங்களா சார், தட்டுனீங்களா?" என்றாள். தானா வந்துச்சு என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. தட்டினேன் என்றால் தானாக வரவில்லை என்றாகிவிடும், தானாக வரவில்லை என்றால் குழாய், பெட்டி. யார் பார்த்தார்கள்? அவனும் அவளும்தான். "தட்டினேன்," என்றான். "ரெண்டு தடவை. மொதல் தடவை சரியா விழலை." பரிமளா தலையாட்டிவிட்டு டாக்டரிடம் சொல்லப் போனாள். அதே சமயம் பாலூட்டுகிற நேரத்துக்குக் கைகழுவிக்கொண்டு சுகந்தி உள்ளே வந்தாள், வளையலில்லாத கைகளை முழங்கைவரை உதறியபடி. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னாச்சுங்க?" "மறந்துட்டா. நான் அடிச்சுட்டேன் சுகந்தி." "வந்துச்சா?" "வந்துச்சு. ஆனா தானா வரல. நான் அடிச்சதாலதான் வந்துச்சு. குழாய் போட்டுருவாங்க." சுகந்தி குழந்தையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் அவன் நகம் பட்ட இடம் சின்னதாகச் சிவந்திருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. "நீங்க கதவைத்தானேங்க தட்டுனீங்க," என்றாள். "உள்ளே ஆள் இருக்கப் போய்த்தானே திறந்துச்சு." இத்தனை வருடக் கருத்தரங்குகளில் இப்படியொரு கட்சி இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

பரிமளா திரும்பி வந்து, "டாக்டர் ட்யூப் வேண்டாம்னுட்டாருங்க. தட்டுனா வந்துடுதுல்ல, அது போதும்னாரு," என்றபடி வேட்டித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை அப்பாவிடமிருந்து அம்மாவுக்குக் கைமாறியது, ஒரு முனகல், பிறகு சுகந்தியின் கழுத்தடியில் அதே கன்னத்தைப் பதித்துக்கொண்டது. குமரேசன் எழுந்தான், கொக்கியிலிருந்து சட்டையை எடுத்தான். குளிரூட்டியின் காற்று நெஞ்சில் பட்டபோது ஒரு இடம் மட்டும் தனியாகக் குளிர்ந்தது, குனிந்து பார்த்தான். கழுத்தெலும்புக்குக் கீழே, இவ்வளவு நேரமும் அவள் வாய் இருந்த இடத்தில், காலணா அகலத்துக்கு ஈரம். எச்சில் கொஞ்சம் இருக்கும், மிச்சமெல்லாம் அவள் விட்ட மூச்சு. சட்டையை மாட்டினால் துணி அதை உறிஞ்சிவிடும். பெண்கள் நடமாடுகிற அந்த அறையின் நடுவில், சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தொந்தியும் தொப்புளுமாக, அது தானாகக் காய்கிறவரை அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.